தெல்மா ரிட்டர்: ஹாலிவுட் வீணடித்ததா, வாழவைத்ததா?

#1 – கொட்டகைக்காரன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'ரியர் விண்டோ'வை எத்தனையாவது தடவையோ பார்த்தேன். கிரேஸ் கெல்லி அவ்வளவு அழகாக வந்து நிற்கிறார், என் மனசு மட்டும் "அந்த நர்ஸம்மா எப்ப திரும்ப வருவாங்க" என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

படம் பார்க்காதவர்களுக்கு: கால் உடைந்து மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் கிடக்கிறார் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவரைக் கவனிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் நர்ஸ் ஸ்டெல்லா. நடித்தவர் தெல்மா ரிட்டர். முதல் காட்சியிலேயே அவர் முதுகில் சில்லென்று எண்ணெயை ஊற்றித் தேய்க்கிறார். "இதைச் சூடு பண்ணவே மாட்டியா?" என்று அவர் நெளிய, ரத்த ஓட்டத்துக்குச் சண்டை போட ஏதாவது வேண்டாமா என்கிறார் அம்மணி. 1929இல் பங்குச்சந்தை விழப்போவதைத் தான் முன்கூட்டியே சொன்ன கதையும் அங்கேதான் வரும். ஜெனரல் மோட்டார்ஸ் டைரக்டர் ஒருவருக்கு நர்ஸாக இருந்தாராம். டாக்டர்கள் சிறுநீரகக் கோளாறு என்றார்களாம், இவர் நரம்புத் தளர்ச்சி என்றாராம். ஜெனரல் மோட்டார்ஸே ஒரு நாளைக்குப் பத்து தடவை பாத்ரூமுக்கு ஓடினால் நாட்டின் கதி என்ன என்று கணக்குப் போட்டாராம். இந்த வசனத்தை யார் பேசினாலும் சிரிப்பு வரும். தெல்மா பேசும்போது, "ஆமாம்ல, சரியாத்தானே சொல்றாங்க" என்று நம்பியும் விடுகிறோம்.

இவ்வளவு பெரிய நடிகைக்கு ஹாலிவுட் கொடுத்தது என்ன? ஆறு ஆஸ்கர் பரிந்துரை, ஒரு விருதுகூடக் கிடையாது. 1950, 51, 52, 53 என்று நாலு வருஷம் தொடர்ச்சியாக. பிறகு 1959, 1962. ஆறு தடவை பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டு, சோறு போடாமல் எழுப்பிவிட்டிருக்கிறார்கள். வேடங்களைப் பார்த்தாலும் வேலைக்காரி, நர்ஸ், சமையல்காரி, திரும்பவும் வேலைக்காரி. பச்சையாகச் சொன்னால் வீணடித்துவிட்டார்கள். இல்லை என்பவர்கள் வாருங்கள்.

#2 – நெகட்டிவ்_ரீல்

வந்துட்டேன் அண்ணே.

ஒப்பாரி வைக்க நீங்க தப்பான ஆளைப் பிடிச்சிருக்கீங்க. ஹாலிவுட் ஓரங்கட்டின ஆயிரம் பேர் இருக்காங்க, தெல்மா அந்த லிஸ்ட்லயே கிடையாது. கதையை முதல்ல இருந்து பாருங்க. புரூக்ளின்ல 1902ல பிறந்தவங்க. நடிப்புப் பள்ளியில படிச்சாங்க, கொஞ்ச நாள் மேடை, கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. பிள்ளைங்களை வளர்க்க நடிப்பை விட்டாங்க, நாற்பதுகள்ல ரேடியோவுக்குத் திரும்பி வந்தாங்க. முதல் படம் 1947ல, 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. அப்ப வயசு 45. ஹாலிவுட்ல 45 வயசுல நடிகைங்க வீட்டுக்குப் போவாங்க. இவங்க அந்த வயசுலதான் உள்ளேயே வர்றாங்க.

அந்தப் படத்துல டைட்டில்ல பேர்கூட இல்லை. மேஸி கடையில கிறிஸ்துமஸ் தாத்தாகிட்ட பையனைக் கூட்டிட்டு வர்ற, கால் வலிக்கிற ஒரு அம்மா. பையன் தண்ணி பீய்ச்சுற தீயணைப்பு வண்டி கேக்கறான். ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத பொருளை அந்தத் தாத்தா வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுக்கிறார். அம்மாவுக்கு வர்ற ஆத்திரத்தைப் பாக்கணும். அது போட்டிக் கடையில எட்டரை டாலருக்குக் கிடைக்கும்னு தாத்தாவே சொல்லும்போது முகத்துல ஒரு திகைப்பு. அவ்வளவுதான் காட்சி. அந்தச் சில நிமிஷத்தைப் பார்த்துத்தான் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் முதலாளி ஸானக் இவங்களைக் கவனிச்சார். அப்புறம் பெரிய டைரக்டருங்க வரிசை: மான்கீவிச், ஹிட்ச்காக், குகோர், ஃபுல்லர், ஹூஸ்டன். முழுசா இருபது வருஷம். வீணடிக்கிறதுன்னா இதுவா?

விருதைப் பத்தி அப்புறம் பேசுவோம். துணைப் பாத்திரம்ங்கிறது ஒரு தனிக் கலை, நாயகி ஆக முடியாதவங்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசுன்னு நினைக்காதீங்க.

#3 – சிலேட்டு_பல்பம்

விவாதத்துக்குள் போகுமுன் ஒரு சொல் பற்றி. "துணை நடிகை" என்று நம் சினிமா வட்டாரத்தில் சொன்னால், கூட்டத்தில் நிற்பவர், குழு நடனத்தில் ஆடுபவர் என்றுதான் அர்த்தம். அவர்களுக்குத் தினக்கூலி. ஆஸ்கரில் சொல்லும் பிரிவு அதுவல்ல, நாம் குணச்சித்திர நடிகை என்கிறோமே, அது. நெகட்டிவ்_ரீல் "துணைப் பாத்திரம்" என்று எழுதியது சரி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொரு தகவல். அதே 'மிரக்கிள்' படத்தில் தாத்தாவாக வந்த எட்மண்ட் குவென் சிறந்த துணைப் பாத்திர நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். தெல்மாவின் முதல் திரைக்காட்சியிலேயே எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குச் சிலை போய்விட்டது.

#4 – அல்லி

சண்டை குறையாது சிலேட்டு சார், நான் வந்துட்டேனே. :)

விருது கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தமில்லை. விருது ஒரு லாட்டரி. என்னை உறுத்துவது வேறு: தெல்மா பாதிப் படத்தில் காணாமல் போய்விடுவார்.

'ஆல் அபவுட் ஈவ்' எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி டேவிஸ் நடித்த மார்கோ பெரிய மேடை நட்சத்திரம். தெல்மா அவருக்கு உடை மாட்டிவிடும் பேர்டி. ஈவ் என்ற பெண் மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி வந்து தன் சோகக்கதையைச் சொல்கிறாள். மார்கோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், எழுத்தாளரின் மனைவி உருகிப்போகிறார். பேர்டி மட்டும், என்ன கதைடா, பின்னால் வேட்டைநாய் துரத்தியது ஒன்றுதான் பாக்கி என்கிறார். அந்தத் துளி நேரத்தில் மொத்தப் படமும் அவர் கையில் இருக்கிறது. பிறகு ஒரு நாள் மார்கோ கேட்கிறார், உனக்கு ஈவைப் பிடிக்கவில்லையா என்று. பேர்டி சொல்கிறார்: அவள் உன்னைப் படிக்கிறாள், ஒரு புத்தகத்தைப் படிக்கிற மாதிரி, வீட்டு பிளானைப் பார்க்கிற மாதிரி. எப்படி நடக்கிறாய், எப்படிச் சாப்பிடுகிறாய் என்று.

அப்புறம் அந்தப் பிரபலமான பார்ட்டி. விருந்தாளிகளின் ரோமக் கோட்டுகள் மார்கோவின் கட்டிலில் மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்துப் பேர்டி ஒரு கிண்டல் அடிப்பார். அதோடு சரி. ஆளைக் காணோம். படம் முடியும்வரை யாருமே "பேர்டி எங்கே?" என்று கேட்பதில்லை. மார்கோகூட.

வேலைக்காரியை இப்படித்தான் எழுதுவார்கள். தேவைப்படும்போது வந்து வேலையை முடிக்க வேண்டும், முடித்துவிட்டால் போய்விட வேண்டும்.

#5 – நெகட்டிவ்_ரீல்

//அதோடு சரி. ஆளைக் காணோம்.//

அல்லி, பேர்டி காணாமப் போறது மறதி இல்லை, கதைக்குத் தேவை. ஈவோட குட்டு தெரிஞ்ச ஒரே ஆள் பேர்டி. அவங்க ரெண்டாம் பாதியிலயும் இருந்திருந்தா ஈவ் ஒரு அடிகூட நகர முடியாது. மார்கோவை ஏமாத்தணும்னா பேர்டி வெளிய போயே ஆகணும். அந்த வேடத்தை மான்கீவிச் எழுதினதே தெல்மாவை மனசுல வச்சுத்தான். முந்தின வருஷம் 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்'ல பேரே போடாத சின்ன வேடத்துல நடிச்சவங்களுக்கு, அடுத்த வருஷப் படத்துல தனியா உட்கார்ந்து எழுதியிருக்கார். இதுக்குப் பேரு புறக்கணிப்பா?

#6 – அல்லி

கதைக்குத் தேவை என்றால் ஒரு காட்சி எழுதி வெளியே அனுப்பியிருக்கலாமே? ஈவ் சூழ்ச்சி செய்து பேர்டியை வேலையை விட்டு நிறுத்துகிற ஒரே ஒரு காட்சி போதுமே. அப்படி எழுதியிருந்தால் ஈவ் இன்னும் பயங்கரமாகத் தெரிவாள். எழுதவில்லை. ஏனென்றால் வேலைக்காரி எங்கே போனாள் என்று பார்வையாளன் கேட்கமாட்டான் என்ற தைரியம்.

சரி, அது ஒரு படம் என்று விடுவோம். பதினோரு வருஷம் கழித்து 'தி மிஸ்ஃபிட்ஸ்'. மர்லின் மன்றோ, கிளார்க் கேபிள், மான்ட்கோமரி கிளிஃப்ட். நெவாடாவின் ரீனோ நகரத்துக்கு விவாகரத்துக்காக வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற இசபெல்லாகத் தெல்மா. முதல் பாதி முழுக்க இருக்கிறார், மன்றோவின் தாயைப்போல. நடுவழியில் தன் பழைய கணவரையும், அவரை மணந்துகொண்ட தன் தோழியையும் பார்க்கிறார், அவர்களோடு போய்விடுகிறார். பிறகு பாலைவனத்தில் குதிரை பிடிக்கும் அந்தப் பெரிய பகுதி முழுவதிலும் அவர் இல்லை. படத்தில் இருந்த ஒரே சிரிப்பும் போய்விடுகிறது. இதுவும் கதைக்குத் தேவையா?

#7 – வடலி

வணக்கம். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான். இந்த மனிசியைப் பற்றி எண்டபடியா வாய் திறக்கிறன்.

எல்லாரும் வேலைக்காரி, நர்ஸ் எண்டு கதைக்கிறியள். 1953இல வந்த 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' ஒருத்தரும் பாக்கேல்லையோ? சாமுவேல் ஃபுல்லர்ட படம். அதில மோ எண்டொரு கிழவி. தெருவில கழுத்து டை விக்கிறவ. உண்மையான பிழைப்பு, பொலிசுக்குத் துப்புச் சொல்லிக் காசு வாங்குறது. பிக்பொக்கெட்காரனைப் பற்றி விலை பேசேக்க மீன்கடையில பேரம் பேசுற மாதிரிப் பேசுவா. சேர்க்கிற காசெல்லாம் ஒண்டுக்குத்தான்: செத்தால் அநாதைச் சுடுகாட்டு மாதிரியான பொதுக்குழியில போடாமல், தனக்கெண்டு ஒரு கல்லறை நிலமும் நல்ல அடக்கமும் வேணும். பொதுக்குழியில புதைச்சால் அதுவே தன்னைச் சாகடிச்சுப் போடும் எண்டு ஒரு பகிடி விடுவா. சிரிச்சுப்போட்டு ஒரு நிமிசம் கழிச்சு நெஞ்சு அடைக்கும்.

அவவின்ட கடைசிக் காட்சி. இரவு அறைக்கு வாறா. களைச்சுப் போய் கட்டில்ல சரியிறா. கிராமபோனில பாட்டுப் போகுது. துவக்கோட ஒருத்தன் நிக்கிறான், அந்தப் பிக்பொக்கெட்காரன் ஸ்கிப்பின்ட விலாசம் வேணுமாம். வாழ்நாள் முழுக்கத் துப்பு வித்தவ, இண்டைக்கு விக்கமாட்டன் எண்டு சொல்லுறா. வீரமாச் சொல்லேல்ல. முதுகு வலி, கால் வலி, இனி ஏலாது, சுடுறதெண்டால் எனக்கு உபகாரம்தான் எண்ட மாதிரி. கமெரா அவவின்ட முகத்தை விட்டு விலகிக் கிராமபோன் பக்கம் போகுது. வெடிச்சத்தம் மட்டும் கேக்குது.

வேலைமுடிஞ்சு நைட் ஷிஃப்ட்டால வந்து சப்பாத்துக் கழட்டாமல் கதிரையில இருக்கேக்க எனக்கு இந்தக் காட்சி ஞாபகம் வரும். ஆயிரம் நாயகிமார் செத்ததைப் பாத்திட்டன், இப்பிடி ஒரு சாவு பாக்கேல்ல.

அந்த வருசம் விருது குடுக்காதது அநியாயம்தான். கொட்டகை அண்ணையின்ட பக்கம் நான்.

#8 – கொட்டகைக்காரன்

வடலி, நன்றி. இதைப் படித்துவிட்டு நான் இனி என்ன எழுதுவது.

இதற்கும் நாமினேஷன் உண்டு, 'ரியர் விண்டோ'வுக்கும் உண்டு. இரண்டையும் விட்டார்கள். நகைச்சுவை என்றால் அகாடமிக்கு இளக்காரம், அவ்வளவுதான் விஷயம்.

#9 – சிலேட்டு_பல்பம்

திருத்தம். 'ரியர் விண்டோ'வுக்குத் தெல்மா பரிந்துரைக்கப்படவே இல்லை. அந்தப் படத்துக்கு வந்தவை இயக்கம், திரைக்கதை, வண்ண ஒளிப்பதிவு, ஒலி ஆகிய நான்கு மட்டுமே. தெல்மாவின் ஆறு: 'ஆல் அபவுட் ஈவ்', 'தி மேட்டிங் சீசன்', 'வித் எ சாங் இன் மை ஹார்ட்', 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்', 'பில்லோ டாக்', 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்'.

நகைச்சுவை இளக்காரம் என்பதும் நிற்காது. 1950இல் அவரைத் தோற்கடித்த ஜோசஃபின் ஹல் வாங்கியது 'ஹார்வி' என்ற முழு நகைச்சுவைப் படத்துக்கு. எழுபதைத் தாண்டிய பாட்டி.

#10 – நெகட்டிவ்_ரீல்

சிலேட்டு சார் என் வேலையைப் பாதி முடிச்சுட்டார். மீதி நான்.

கொட்டகை அண்ணே, ஆறு வருஷத்தையும் தனித்தனியா எடுப்போம். எந்த வருஷம் யார் கையில இருந்து பிடுங்குவீங்க, சொல்லுங்க. 1950: ஹல், நியூயார்க் நாடக மேடையான பிராட்வேயில பல வருஷம் நடிச்சு ஊறின வேடம். போதாக்குறைக்கு 'ஈவ்' படத்துல இருந்தே செலஸ்ட் ஹோமும் அதே பிரிவுல. ஒரே படத்துக்கு ஓட்டு ரெண்டா உடைஞ்சா ரெண்டு பேருக்கும் இல்லைன்னு ஆகும். மெயின் பிரிவுல பெட்டி டேவிஸும் ஆன் பாக்ஸ்டரும் அதே கதிதான். நாலு நடிகைங்க, நாலு பேரும் வெறுங்கையோட வீட்டுக்கு. 1951: 'ஸ்ட்ரீட்கார்' கிம் ஹண்டர். பிடுங்குவீங்களா? 1959: 'ஆன் ஃப்ராங்க்' படத்துல ஷெல்லி வின்டர்ஸ். 'பில்லோ டாக்'ல தெல்மா என்ன பண்ணாங்க? தினமும் காலையில முந்தின ராத்திரிப் போதை தெளியாம லிஃப்ட்ல ஆடிக்கிட்டே வர்ற வேலைக்காரம்மா. சிரிச்சோம், சரி. அதுக்கு ஆஸ்கரா? 1962: 'மிரக்கிள் வொர்க்கர்' பேட்டி டியூக், 16 வயசுல. அதைப் பறிக்க யாருக்கு மனசு வரும்?

மிச்சம் 1952ம் 1953ம். 1952ல குளோரியா கிரஹாம் வாங்கினாங்க, திரையில மொத்தமே ஒன்பது நிமிஷ சொச்சம். அதுல வேணும்னா சண்டை போடலாம். ஆனா 'வித் எ சாங்' நர்ஸ் வேடம் தெல்மாவோட டாப் டென்ல வருமா? மனசாட்சியோட சொல்லுங்க.

#11 – வடலி

1953ஐ விட்டிட்டியள் தம்பி.

#12 – நெகட்டிவ்_ரீல்

விடலை, தள்ளி வச்சேன்.

1953ல 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' அலை. 13 பரிந்துரை, 8 விருது. அந்த அலையில டோனா ரீட் கரை சேர்ந்தாங்க. மோவோட ஒப்பிட்டா... சரி, இதுல நான் வாதாடலை. அலைக்கு எதிரா ஒரு சின்ன பட்ஜெட் கிரைம் படம், அதுவும் எஃப்பிஐ தலைவர் ஹூவரே முகம் சுளிச்ச படம். நின்னிருக்க முடியாது. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.

#13 – அல்லி

எல்லோரும் திரும்ப விருதுக்கே ஓடுகிறீர்கள். நான் போஸ்டரைப் பற்றிப் பேசுகிறேன்.

'தி மேட்டிங் சீசன்', 1951. கதை யாருடையது? நியூஜெர்ஸியில் ஹாம்பர்கர் கடை வைத்திருந்த ஒரு தாய், கடையைக் கைவிட்டுவிட்டு, வழியில் வண்டி கேட்டு ஏறி ஏறி ஒஹாயோவில் இருக்கும் மகனைப் பார்க்க வருகிறாள். மகன் கல்யாணம் செய்துகொள்வது தூதர் வீட்டுப் பெண்ணை. மருமகள் வாசலில் வந்து நிற்கும் மாமியாரைப் பார்த்து, ஏஜென்சி அனுப்பிய சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். அவளும் மறுக்காமல் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறாள். மகன் வீட்டிலேயே சமையல்காரியாக இருக்கிறாள். இது தாயின் கதை. டைட்டிலில் பெயர் வருவதோ ஜீன் டியர்னி, ஜான் லண்ட், மிரியம் ஹாப்கின்ஸ் எல்லோருக்கும் பிறகு. பரிந்துரையும் துணைப் பாத்திரப் பிரிவில்.

அதே வருஷக் கடைசியில் குகோர் எடுத்த 'தி மாடல் அண்ட் தி மேரேஜ் புரோக்கர்'. மேரேஜ் புரோக்கர் யார்? தெல்மா. படத்தின் பேரிலேயே பாதி அவர். படம் அவர் ஆபீஸில்தான் நடக்கிறது, அவர் மூளையில்தான் ஓடுகிறது. பெயர் மூன்றாவது இடத்தில், ஜீன் கிரெய்னுக்கும் ஸ்காட் பிரேடிக்கும் கீழே. பிரேடியை இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நெகட்டிவ்_ரீல், துணைப் பாத்திரம் ஒரு தனிக் கலை என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாயகி வேடத்தையே செய்யவைத்துவிட்டு, சீட்டில் மட்டும் துணை என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

#14 – நெகட்டிவ்_ரீல்

வியாபாரம்னு பேரு. 1951ல டிக்கெட் விக்கிறது ஜீன் டியர்னி முகம். போஸ்டர்ல தெல்மா முகத்தைப் பெருசாப் போட்டிருந்தா கூட்டம் வந்திருக்காது, படமே எடுத்திருக்க மாட்டாங்க. டியர்னி பேர் மேல இருந்ததாலதான் தெல்மாவுக்கு அந்த வேடமே கிடைச்சது.

முகம்தான் தடைன்னும் சொல்லாதீங்க. அதே 1952ல 'கம் பேக், லிட்டில் ஷீபா'வுக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கினது ஷெர்லி பூத். ஐம்பது தாண்டிய, பகட்டு இல்லாத, மேடையில இருந்து வந்த அம்மா. கதவு திறந்துதான் இருந்தது.

#15 – கொட்டகைக்காரன்

ஷெர்லி பூத் மேடையில் அதே வேடத்தில் ஜெயித்துவிட்டு, அந்தச் செல்வாக்கோடு வந்தவர். தெல்மா ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் இருந்தவர். ஸ்டூடியோ நீட்டும் வேடத்தில் நடிக்க வேண்டும். ஒரு தடவை வேலைக்காரி வேடம் பொருந்திவிட்டால் அடுத்த பத்து ஸ்கிரிப்டிலும் வேலைக்காரிதான். நம் எல்லோருக்கும் ஆபீஸில் தெரிந்த கதைதான், நன்றாக வேலை செய்கிறவன் தலையில்தான் அதே வேலையைத் திரும்பத் திரும்பக் கட்டுவார்கள். பதவி உயர்வு பக்கத்து சீட்டுக்கு.

#16 – அல்லி

ஷெர்லி பூத் நல்ல வாதம். கொஞ்சம் யோசித்தேன், அப்போதுதான் இது ஞாபகம் வந்தது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

1955இல் பேடி சயெஃப்ஸ்கி தொலைக்காட்சிக்காக 'தி கேட்டர்ட் அஃபேர்' என்று ஒரு நாடகம் எழுதினார். பிராங்க்ஸில் ஒரு டாக்ஸி டிரைவர் குடும்பம். மகள் சிம்பிளாகக் கல்யாணம் போதும் என்கிறாள். தன் கல்யாணம் ஒரு சடங்காகக்கூட நடக்காத தாய், மகளுக்காவது ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அப்பாவோ சொந்த டாக்ஸி வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காசுக்கு ஆபத்து. நம் வீடுகளில் நடக்காததா? தாயாக நடித்தவர் தெல்மா ரிட்டர். அங்கே அவர்தான் நாயகி.

மறு வருஷம் எம்ஜிஎம் அதைப் படமாக எடுத்தது. தாய் வேடம் யாருக்குப் போனது?

பெட்டி டேவிஸுக்கு.

பேர்டி உடை மாட்டிவிட்ட அதே மார்கோ. ஈவ் செய்த வேலையை ஆறு வருஷம் கழித்து மார்கோவே பேர்டிக்குச் செய்த மாதிரி இருக்கிறது. டேவிஸ் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் அப்போது நல்ல வேடம் கிடைக்காத காலம். பகட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஓய்ந்துபோன பிராங்க்ஸ் தாயாகத் தெரிய அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். புரூக்ளினில் பிறந்து, மேக்கப்பே இல்லாமல் அப்படித் தெரிகிற ஒருவர், அதே வேடத்தை ஏற்கெனவே செய்துகாட்டிவிட்டு, வீட்டில் இருந்தார்.

#17 – வடலி

ஐயோ. இது எனக்குத் தெரியாது.

#18 – நெகட்டிவ்_ரீல்

இந்த அடி பலமா விழுந்துச்சு, மறைக்கல. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். டிவியில நடிச்சவங்களுக்கே படத்துலயும் வேடம்னு அப்ப சட்டம் இல்லை. அதே சயெஃப்ஸ்கி எழுதின 'மார்ட்டி'யை டிவியில நடிச்சது ராட் ஸ்டைகர். படத்துல எர்னஸ்ட் போர்க்னைன். ஸ்டைகருக்காக யாரும் இழை ஆரம்பிக்கலையே?

#19 – அல்லி

'மார்ட்டி'யை நீங்களே கொண்டுவந்ததற்கு நன்றி. :)

போர்க்னைன் யார்? அதுவரை அடியாள், முரடன் வேடங்களில் வந்த துணைப் பாத்திர நடிகர். தடித்த முகம், நாயகன் லட்சணம் எதுவும் கிடையாது. அவரைக் கூப்பிட்டு நாயகனாக்கினார்கள், சிறந்த நடிகர் ஆஸ்கரையும் கொடுத்தார்கள். இப்போது 'கேட்டர்ட் அஃபேர்' படத்தில் டாக்ஸி டிரைவர் அப்பா யார் தெரியுமா? அதே போர்க்னைன்.

ஒரே வீடு, ஒரே சமையலறை மேஜை. அப்பாவுக்குச் சாதாரண முகம் போதும் என்று நினைத்த ஸ்டூடியோவுக்கு அம்மாவுக்கு மட்டும் நட்சத்திரம் தேவைப்பட்டது.

#20 – கொட்டகைக்காரன்

அல்லி, இழையை நீங்கள் ஆரம்பித்திருக்கலாம். நான் சும்மா ஆஸ்கர் கணக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

#21 – சிலேட்டு_பல்பம்

இரு தரப்புக்கும் உதவும் ஒன்று. 1957இல் தெல்மா பிராட்வேக்குத் திரும்பி 'நியூ கேர்ள் இன் டவுன்' என்ற இசை நாடகத்தில் நடித்தார். யூஜின் ஓ நீலின் 'அன்னா கிறிஸ்டி'யை வைத்துச் செய்தது. குடிகாரக் கிழவி மார்த்தி வேடம். அதற்கு மேடை நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது, துணைப் பிரிவில் அல்ல, இசை நாடகத்தின் சிறந்த நடிகை என்ற முதன்மைப் பிரிவில். அதே நாடகத்தின் நாயகி க்வென் வெர்டனும் இவரும் சம ஓட்டு வாங்கி இருவருக்கும் விருது. நாயகியும் கிழவியும் ஒரே உயரத்தில் நின்றார்கள்.

#22 – நெகட்டிவ்_ரீல்

பாத்தீங்களா? திறமை இருந்தா எங்கயாவது கிடைச்சுடும்.

#23 – அல்லி

பார்த்தேன். கிடைத்தது ஹாலிவுட்டிலிருந்து மூவாயிரம் மைல் தள்ளி.

#24 – நெகட்டிவ்_ரீல்

அவங்க வீடே நியூயார்க்தான். குடும்பம் அங்க, சூட்டிங் இங்கன்னு போய்வந்தவங்க. 1955ல ஆஸ்கர் விழாவை நியூயார்க் மேடையில நின்னு தொகுத்து வழங்கினதும் அவங்கதான், லாஸ் ஏஞ்சலஸ்ல பாப் ஹோப். நாயகியா ஆகணும்னு அவங்க தவிச்ச மாதிரி எனக்குத் தெரியலை. தவிப்பு நம்மளோடதுதான்.

#25 – அல்லி

விருது வாங்காதவர், மற்றவர்கள் விருது வாங்கும் விழாவை நடத்திக்கொடுத்திருக்கிறார். அங்கேயும் பேர்டி வேலைதான்.

#26 – வடலி

சண்டையை நிப்பாட்டுறதுக்கில்ல, சும்மா ஒரு விசயம். நேற்று பிள்ளையளோட 'மிரக்கிள்' போட்டுப் பாத்தனாங்கள். அந்தத் தீயணைப்பு வண்டிக் காட்சி வந்துது. வேற கடையில வாங்கச் சொல்லிச் சொன்ன பிறகு, அந்த அம்மா மேஸி கடை மனேஜரைத் தேடிப் போய், இனி நான் உங்கட வாடிக்கைதான் எண்டு சொல்லிப்போட்டுப் போவா. என்ட சின்னவள் கேட்டாள்: "அந்த அன்ரி திரும்ப வருவாவோ?"

இல்லை எண்டன்.

#27 – நெகட்டிவ்_ரீல்

வடலி அண்ணே, உங்க சின்னவளுக்கு ஒரு தகவல். அந்தப் படத்தோட டைரக்டர் ஜார்ஜ் சீட்டன்தான் 1968ல தெல்மாவோட கடைசிப் படத்தையும் எடுத்தார். மறு வருஷம் பிப்ரவரியில அவங்க போயிட்டாங்க. திரும்ப வந்தாங்கன்னு சொல்லுங்க, 21 வருஷம் ஆச்சு.

என் கட்சியை மாத்திக்கல. 1953 மட்டும் எழுதிக் கொடுத்துடறேன், மத்த அஞ்சையும் தரமாட்டேன். 'மேரேஜ் புரோக்கர்' இன்னும் நான் பார்க்கல, இந்த வாரம் பார்த்துட்டு வந்து அல்லியோட மறுபடி சண்டை போடறேன்.

#28 – சிலேட்டு_பல்பம்

பார்க்கும்போது பெயர்கள் வரும் வரிசையையும் கவனித்து எழுதுங்கள்.